கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்: லித்தோ (கல்லச்சு) படம் கைக்கு வந்தால் என்ன செய்வது

பாலக்காட்டில் முப்பது வருடங்களாகப் படங்களுக்கு பிரேம் போட்டு வருகிறேன். கடைக்கு வருவதில் முக்கால்வாசி சாமிப் படங்கள், கல்யாணப் போட்டோக்கள், அப்புறம் மாலை போட வேண்டிய தாத்தா பாட்டி படங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் வேறு மாதிரி ஒரு தாள் வந்து சேரும். கல்பாத்தியிலோ நூரணியிலோ பழைய வீட்டைப் பூட்டிவிட்டு பிள்ளைகளோடு போய்விட முடிவு செய்தவர்கள், மச்சில் இருந்த பெட்டியைத் திறந்து எடுத்து வந்ததாக இருக்கும்.

அப்படித்தான் ஒரு மாமி வந்தார். செய்தித்தாளில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். விரித்தால் தடித்த கறுப்புக் கோட்டில் பறவை மாதிரி ஒன்று, பக்கத்தில் ரத்தச் சிவப்பில் ஒரு வட்டம், ஓரத்தில் நீலமும் மஞ்சளும். கீழே இடது மூலையில் பென்சிலில் 41/75. வலது மூலையில் பென்சிலிலேயே ஒரு கையெழுத்து: மிரோ.

“எங்கண்ணா பாரீஸ்ல யுனெஸ்கோ ஆபீஸ்ல இருந்தார். அங்கேர்ந்து கொண்டு வந்தது. குழந்தை கிறுக்கினாப்ல இருக்கு, தூரப் போடவும் மனசு வரலை. ஒரு கண்ணாடி போட்டுத் தாப்பா” என்றார்.

“மாமி, இதை ரெண்டு வாரம் என்கிட்ட விட்டுட்டுப் போங்கோ” என்றேன். அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்தேனோ அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது மிரோ என்ற இந்த ஸ்பானிய ஓவியருடையதாக இல்லாமல் ஷகால், பிக்காசோ, நம்மூர் ஓவியர் என்று யாருடையதாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

முதல் வேலை: எதையும் செய்யாமல் இருப்பது

வெட்டாதீர்கள், துடைக்காதீர்கள், ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இதே மாதிரி ஒரு தாளைக் கொண்டு வந்தார். கடையில் தயாராக இருந்த பிரேமுக்குத் தாள் பெரிதாக இருந்தது. சுற்றிலும் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று கத்தி வைத்து நான்கு ஓரத்தையும் நறுக்கிவிட்டேன். கீழ் ஓரத்தில் மங்கலாகப் பென்சிலில் ஏதோ எழுதியிருந்ததை நறுக்கிய துண்டில்தான் பார்த்தேன். அதன் பொருள் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, துண்டு குப்பைக்குப் போனது. தெரிய வந்தபோது வாத்தியார் உயிரோடு இல்லை. லித்தோ படத்தில் வெள்ளை ஓரமும் படத்தின் பாகம்தான்.

சுருட்டி வைத்த தாளை வெயிலில் காட்டி நிமிர்த்தவும் வேண்டாம். சுத்தமான வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு பலகையும் கொஞ்சம் பாரமும் வைத்துப் பத்து நாள் விட்டால் தானாகப் படியும். தொடும்போது கையைக் கழுவி, ஈரம் போக நன்றாகத் துடைத்திருக்க வேண்டும்.

லித்தோ என்றால் என்ன

இது தெரிந்தால்தான் மேற்கொண்டு எதைத் தேடுகிறோம் என்பது புரியும். 1796 வாக்கில் ஜெர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற சின்ன உண்மைதான் இதற்கு அடிப்படை. சமமாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையாலோ சாக் கட்டியாலோ படத்தை வரைவார்கள். அதன் மேல் கருவேலம் பிசினும் கொஞ்சம் அமிலமும் பூசிப் பதப்படுத்துவார்கள். அப்புறம் கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், ஈரம் உள்ள இடம் மையைத் தள்ளிவிடும், வரைந்த இடம் மட்டும் பிடித்துக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஐந்து நிறம் என்றால் ஐந்து கல்லில் வரைந்து, ஒரே தாளை ஐந்து முறை இம்மி பிசகாமல் வைத்து எடுக்க வேண்டும். துத்தநாகத் தகட்டிலும் இதே வேலையைச் செய்யலாம். வேண்டிய எண்ணிக்கை முடிந்ததும் கல்லை மணல் போட்டுத் தேய்த்துவிட்டால் அந்தப் படத்தை இனி யாராலும் அதே கல்லிலிருந்து எடுக்க முடியாது.

அதனால்தான் இது நகல் இல்லை. ஓவியர் தன் கையால் கல்லில் வரைந்தால் அதிலிருந்து எத்தனை தாள் எடுத்தாலும் அத்தனையும் அசல்தான். வேறெங்கோ இருக்கும் ஒரு ஓவியத்தைப் போட்டோ எடுத்து அச்சடித்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நகல்.

கேரளத்துக்குக் கல்லச்சு புதிதும் இல்லை. 1847இல் தலச்சேரியில் ஜெர்மன் பாதிரியார் குண்டர்ட் நடத்திய ராஜ்யசமாசாரம் என்ற மலையாளப் பத்திரிகை கல்லச்சில்தான் வந்தது. கிளிமானூர் ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும் ஜெர்மன் கல்லையும் ஜெர்மன் ஆட்களையும் வைத்துத்தான் நம் வீட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்தது. அந்த அச்சகம் பிறகு லோனாவலா பக்கம் மளவ்லிக்குப் போய், கைமாறி, 1972இல் தீப்பிடித்துப் போனது.

லென்ஸ் பிடிக்கப் பழகுங்கள்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்வார்களே, அது. சந்தேகப் படத்தை முதலில் பார்க்காதீர்கள். வீட்டிலுள்ள மூன்று பொருள்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

முதலில் சிவகாசி காலண்டர். முருகனின் கன்னத்தில் லென்ஸை வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள், படை வீரர்கள் நிற்பது மாதிரி வரிசையாக, சின்னச் சின்னப் பூப்போலக் கூடி நிற்கும். இது ஆஃப்செட், அதாவது போட்டோ எடுத்து இயந்திரத்தில் அச்சடித்தது. அடுத்தது பழைய ரவிவர்மா அச்சுப்படம் இருந்தால் அது. அங்கேயும் புள்ளிகள் உண்டு. ஆனால் கையால் வைத்த புள்ளிகள்: ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒரு இடத்தில் நெருக்கம், ஒரு இடத்தில் இடைவெளி. நிறமும் நான்கோடு நிற்காது, ரோஜாவுக்கென்றே ஒரு மை, தோலுக்கென்றே ஒரு மை. மூன்றாவது, இன்றைய கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த படம். தெளித்த மாதிரி மிகப் பொடியான துளிகள் தெரியும்.

மூன்றையும் அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும், பிறகு மறக்காது. ஓவியர் கல்லில் வரைந்த லித்தோவில் ஒழுங்கான புள்ளி வரிசை இருக்கவே கூடாது. தட்டையாகப் பூசிய நிறம் விளிம்புவரை ஒரே கெட்டியாக இருக்கும். சாக் கட்டியால் வரைந்த இடத்தில் கல்லின் சொரசொரப்பு, கரித்துண்டால் சுவரில் கிறுக்கினால் வருவது மாதிரி, ஒழுங்கில்லாத பொரிகளாகத் தெரியும். இரண்டு நிறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறந்திருக்கும். மாமியின் தாளில் நான் முதலில் பார்த்தது சிவப்பு வட்டத்தின் விளிம்பை. புள்ளி இல்லை. மனதில் ஒரு மகிழ்ச்சி வந்தது உண்மைதான், ஆனாலும் இன்னும் பாதி வேலைகூட முடியவில்லை.

தாளைத் திருப்பிப் பாருங்கள்

பின்பக்கம் எழுத்து அச்சாகியிருக்கிறதா? நடுவில் மடித்த தடம் இருக்கிறதா? இருந்தால் அது புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ பிரித்தது. பாரீஸில் ஏமே மாக் என்ற ஓவிய வியாபாரி 1946இல் ‘தெரியேர் ல மிரோவார்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார், 1982 வரை அது வந்தது. பெரிய பெரிய ஓவியர்களின் அசல் லித்தோக்களை அதிலேயே சேர்த்துக் கட்டினார். பக்கம் 38 சென்டிமீட்டர் உயரம், 28 அகலம், இரட்டைப் பக்கம் என்றால் 56 அகலம். அந்தத் தாள்கள் அசல்தான், கௌரவமானவைதான், தொடங்குகிறவர்கள் வாங்க நல்லவையும்கூட. ஆனால் கையெழுத்தோ எண்ணோ இல்லாமல் வந்தவை. மடித்த தடமுள்ள தாளில் பென்சில் கையெழுத்தும் 41/75 என்ற எண்ணும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ரூபாய் நோட்டில் காந்தி தெரிவது மாதிரி நல்ல தாள்களில் நீர்க்குறி தெரியும்: ஆர்ஷ், ரீவ் என்று பிரெஞ்சு ஆலைகளின் பெயர்கள். ஓரம் இயந்திரத்தில் வெட்டியது போல இல்லாமல் பிசிறாக இருக்கலாம். தடவினால் பருத்தித் துணியின் மெத்தென்ற தன்மை.

கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருந்தால் அதையும் ஒரு நிமிடம் காட்டலாம். தாளுக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950களில்தான். 1948 என்று சொல்லப்படும் தாள் அந்த விளக்கில் வேட்டிக்கு நீலம் போட்டது மாதிரி பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஓவியரின் வாழ்க்கையோடு ஒட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த படி. ஒரு ஓவியர் எந்த வருடம், எந்த ஊரில், எந்த அச்சகத்தில், என்ன செய்தார் என்று தெரிந்தால், கையில் இருக்கும் தாள் அந்த வாழ்க்கைக்குள் உட்காருகிறதா என்று நீங்களே பார்க்கலாம். மிரோவை வைத்தே சொல்கிறேன்.

ஜோன் மிரோ 1893இல் பார்சிலோனாவில் பிறந்தவர். அப்பா பொற்கொல்லர், கடிகாரமும் செய்பவர். பிள்ளை படம் வரைவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்கு அனுப்பினார். பையனுக்கு உடம்பும் மனமும் நொறுங்கி, டைஃபாய்டும் வந்து, மோன்ட்ரோய்க் என்ற கிராமத்திலிருந்த பண்ணை வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அந்த மண்தான் கடைசிவரை அவர் படங்களில் இருந்தது. 1918இல் பார்சிலோனாவில் முதல் தனிக் கண்காட்சி. 1920இல் முதன்முதலாக பாரீஸ் போனார். 1921–22இல் அந்தப் பண்ணையையே ஒவ்வொரு இலையும் தெரியும்படி வரைந்தார். அதை வாங்கியவர் எழுத்தாளர் ஹெமிங்வே. பிறகு கனவையும் ஆழ்மனதையும் வரைந்த மிகை யதார்த்தக்காரர்களோடு (சர்ரியலிஸ்டுகள்) சேர்ந்தார். இலையும் கல்லும் கரைந்து போய் கண், நட்சத்திரம், ஏணி, பறவை என்று குறிகளாக மாறின. போர்க்காலத்தில், 1940–41இல், குடும்பத்தோடு ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டே 23 சிறிய தாள்களில் ‘விண்மீன் கூட்டங்கள்’ வரைந்தார். மாமி குழந்தைக் கிறுக்கல் என்று சொன்னது இத்தனை வருட உழைப்பில் வடித்தெடுத்த எளிமை.

இனி நமக்கு வேண்டிய பகுதி. மிரோவின் முதல் லித்தோக்கள் 1930இல், கவிஞர் திரிஸ்தான் ட்ஸாராவின் புத்தகத்துக்காகச் செய்தவை. 1944இல் பார்சிலோனா வரிசை: 50 படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை, விற்பனைப் பிரதிகள் வெறும் ஐந்து. யாராவது ‘1944, வண்ணம், 200 பிரதி’ என்று ஒரு பார்சிலோனா வரிசைப் படத்தை நீட்டினால் லென்ஸே தேவையில்லை. போர் முடிந்த பிறகுதான் வண்ண லித்தோ அவர் கையில் பெருக்கெடுத்தது. பாரீஸில் ஃபெர்னான் முர்லோவின் அச்சகம் அன்றைக்கு ஓவியர்களின் கோயில் மாதிரி. பிக்காசோ 1945 முதல் அங்கே கல்லில் வரைந்துகொண்டிருந்தார். மிரோவும் அங்கே வந்தார். 1948இல் மாக் காட்சிக்கூடத்தில் அவருடைய முதல் கண்காட்சி. 1954இல் வெனிஸ் பியன்னாலே என்ற கலைக் கண்காட்சியில் அச்சோவியத்துக்கான பெரும் பரிசு. 1958இல் பாரீஸ் யுனெஸ்கோ வளாகத்தில் அர்த்திகாஸ் என்ற பீங்கான் கலைஞரோடு சேர்ந்து செய்த சூரியச் சுவரும் சந்திரச் சுவரும். மாமியின் அண்ணா தினமும் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போயிருப்பார். அப்படிப்பட்டவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு லித்தோ வாங்கியது நம்பக்கூடியதுதான். பெட்டியின் அடியில் ஒரு பழைய பிரெஞ்சு ரசீதும் இருந்ததை மாமி பிறகு தேடிக் கொடுத்தார். இந்த மாதிரிக் காகிதத்தைத் தயவுசெய்து எறியாதீர்கள். படம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மிரோ 1983 டிசம்பர் 25இல் மயோர்க்கா தீவில் பால்மாவில் இறந்தார், 90 வயதில். மலபார் பக்கத்து வாசகர்களுக்கு ஒன்று: 1982 ஸ்பெயின் உலகக் கோப்பைக் கால்பந்தின் போஸ்டரும் அவர் வரைந்ததுதான். அது ஏராளமாக அச்சான போஸ்டர். அதில் பென்சில் கையெழுத்தோடு யாராவது விற்க வந்தால் மேலே சொன்ன எல்லாப் படிகளையும் இரண்டு தடவை செய்யுங்கள்.

இப்போது கையெழுத்து

கையெழுத்தை ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்றால், போலி செய்ய ரொம்ப எளிதானது அதுதான். ஒரு பென்சில் போதும். கையெழுத்து உண்மையாக இருந்தும் படம் பொய்யாக இருந்த கதையும் உண்டு. 1974இல் பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் அந்தோரா என்ற குட்டி நாட்டுக்குப் போன ஒரு லாரியை நிறுத்திப் பார்த்தபோது சால்வதோர் தாலி என்ற ஸ்பானிய ஓவியர் கையெழுத்திட்ட 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. அந்தத் தாளில் பிறகு யார் எதை அச்சடித்தாலும் கையெழுத்து அசலாகத்தானே இருக்கும்?

தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கரி மினுங்கும், எழுதிய இடம் சற்றே அமுங்கியிருக்கும். அச்சான கையெழுத்து மினுங்காது, அதில் லென்ஸ் வைத்தால் மையின் அதே தன்மை தெரியும். கல்லிலேயே ஓவியர் எழுதிவிட்ட கையெழுத்தும் உண்டு. அது பொய் இல்லை, ஆனால் கைப்பட இட்ட கையெழுத்துக்குச் சமமும் இல்லை.

இடப்பக்க எண்ணில் கீழே இருப்பது மொத்தப் பிரதிகள், மேலே இருப்பது உங்கள் தாளின் எண். 1/75 என்பது 70/75ஐவிட உசத்தி என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அச்சான வரிசையில் எண் போடுவதும் கிடையாது. எண்ணுக்குப் பதில் ஈ.ஏ. என்றிருந்தால் ஓவியருக்கென்று ஒதுக்கிய பிரதி, நம்மூரில் அதையே ஏ.பி. என்று போடுவார்கள். ஹெச்.சி. என்றால் விற்பனைக்கு அல்லாதது. ரோமன் எண்கள் தனியாக அச்சடித்த சிறு தொகுதியைக் குறிக்கும்.

அப்புறம் பட்டியல். பெரிய ஓவியர்களின் அச்சோவியம் அத்தனையையும் எண் போட்டு, அளவு, தாள், பிரதி எண்ணிக்கை, அச்சகம் எல்லாம் எழுதிய முழுப் பட்டியல்கள் இருக்கின்றன. மிரோவின் லித்தோக்களுக்கு ஆறு தொகுதிகள். விற்பவரிடம் “பட்டியலில் எத்தனையாவது எண்?” என்று மட்டும் கேளுங்கள். நேர்மையான வியாபாரி உடனே சொல்வார், தாளின் பின்பக்கப் படத்தையும் அனுப்புவார். நீங்கள் அளவுநாடாவை எடுத்து மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: 1972இல் வந்த முதல் தொகுதிக்குள்ளேயே 11 அசல் லித்தோக்களைச் சேர்த்திருந்தார்கள். அவற்றைக் கிழித்துக் கையெழுத்துச் சேர்த்து விற்பதும் நடக்கிறது.

மாமியின் தாள் இத்தனையிலும் பிசகாமல் நின்றது. அதற்குமேல் தீர்ப்பு சொல்வது என் வேலை அல்ல. முன்பக்கம், பின்பக்கம், நீர்க்குறி, கையெழுத்து, ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து, அச்சோவியம் மட்டுமே கையாளும் ஏல நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் பார்த்தே விலை சொல்கிறவரிடம் தாளைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

வாங்கத்தான் ஆசை, மிரோ கைக்கெட்டாது என்பவர்கள் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்து, 1966இல் மாணவர்களோடு சேர்ந்து சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். சென்னையிலுள்ள லலித் கலா அகாடமி வட்டார மையத்தில் அச்சோவியப் பட்டறை இருக்கிறது. உயிரோடிருக்கும் ஓவியரிடம் நேரில் வாங்கினால் மேலே சொன்ன சந்தேகம் ஒன்றும் இல்லை.

நம்மூர்க் காற்றுக்கேற்ற பிரேம்

பாலக்காட்டுக் கணவாயில் இரண்டு காலம். இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கி கர்க்கடகம் (ஆடி) முடியும்வரை சுவரே வியர்க்கும். தனு, மகரத்தில் (மார்கழி, தை) கிழக்குக் காற்று வந்து உதட்டை வெடிக்க வைக்கும். தாளும் நம்மை மாதிரிதான், மழையில் உப்பும், காற்றில் சுருங்கும். நான்கு ஓரத்தையும் அட்டையில் ஒட்டிவிட்டால் அது அசைய இடமில்லாமல் அலை அலையாக நெளிந்துவிடும்.

அதனால் பிரேம் கடையில் இதைச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத பருத்தி மவுண்ட் போர்டு வேண்டும், சாதாரண அட்டை வேண்டாம். மயில்துத்தம் கலந்த மைதாப் பசை, பிரவுன் டேப், செலோடேப் எதுவும் தாளைத் தொடக்கூடாது. பழைய போட்டோ ஆல்பத்தில் இருக்குமே, அந்த மாதிரி அமிலமில்லாத தாளில் நான்கு மூலைப் பைகள் செய்து, தாளை அதற்குள் செருகினால் போதும். மேலே ஜன்னல் வெட்டிய மவுண்ட் வைத்தால் கண்ணாடி படத்தைத் தொடாது. தொட்டால் மழைக்காலத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைக் கையெழுத்தும் எண்ணும் தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள். பின்னால் ஹார்ட்போர்டு வைப்பதானால் அதற்கும் தாளுக்கும் நடுவே இன்னொரு அமிலமில்லாத அட்டை வர வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருடத்தில் பழுப்பு ஏறும்.

மாட்டும்போது வெளிச்சுவரைத் தவிருங்கள். மழை அடிக்கும் சுவர் உள்ளே ஈரம் கசியும். பிரேமின் கீழ் இரண்டு மூலைக்குப் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றுப் போகும், வெள்ளிப்பூச்சியும் கரையானும் குடியேறாது. நடுமுற்றத்து வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். மாமி பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று கேட்டார். விளக்குப் புகையும் சாம்பிராணியும் வரும் என்பதால் வேண்டாம் என்று சொல்லி, கூடத்தில் ஊஞ்சலுக்கு எதிரே உள்ள உள்சுவரைக் காட்டிக் கொடுத்தேன்.

ரசீதையும், தாளின் பின்பக்கப் படத்தையும், யார் எப்போது கொண்டு வந்தார் என்று மாமி கைப்பட எழுதிய அரைப் பக்கத்தையும் ஒரு உறையில் போட்டுத் தனியாக அலமாரியில் வைக்கச் சொன்னேன். பிரேமுக்குள் திணிக்கக்கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை, கர்க்கடகம் கழிந்து ஓணத்துக்கு வீடு சுத்தம் செய்யும்போது, படத்தை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புப் புள்ளியோ பூச்சி அரித்த தடமோ கண்ணில் பட்டால் அன்றைக்கே பிரேம்காரரிடம் எடுத்து வந்துவிடுங்கள்.